மெய்ப்புப் பார்க்க ஒரு மடங்கும் கணினி

பதினேழு ஆண்டுகளாகச் சென்னையில் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்து, அதாவது அச்சுக்கு முன் பக்கங்களில் பிழை திருத்திக் கொடுத்து வருகிறேன். தாம்பரத்தில் வீடு, வேலை தருகிற பதிப்பகங்களில் பெரும்பாலானவை ராயப்பேட்டையிலும் தியாகராய நகரிலும் இருக்கின்றன. சென்ற நவம்பரில், திரையை முழுவதுமாகப் பின்னால் மடக்கி ஏடுபோல வைத்துக்கொள்ளக்கூடிய, பேனாவால் எழுதத்தக்க, சிறிய தொடுதிரை மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். அன்றிலிருந்து இதே தொழிலில் இருக்கும் நண்பர்கள் பலர், இது உண்மையிலேயே வேலைக்கு உதவுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பாதி பாதியாகச் சொல்வதைவிட, வாங்குவதற்கு முன் அளந்து பார்த்தவற்றையும், வாங்கும்போது நேர்ந்த ஓர் இழப்பையும், மூன்று மாதப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவற்றையும் முறையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பழைய கணினி 2016இல் வாங்கியது. 15.6 அங்குலத் திரை, பையும் மின்னேற்றியும் சேர்ந்தால் மூன்று கிலோவை நெருங்கும் எடை, இன்டெல் ஆறாம் தலைமுறை கோர் ஐ5 செயலி. வேலைக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலோ, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் மேலும் ஓராண்டு பெறும் ஏற்பாடு இருந்தாலும், அது ஓராண்டுக்கு மட்டுமே. என் கணினியில் இருப்பவை என்னுடைய எழுத்துகள் அல்ல. இன்னும் அச்சேறாத பிறருடைய நூல்கள். அவற்றைப் பாதுகாப்புக் குறைந்த ஒரு கணினியில் வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. புதிதாக வாங்குவது என்று முடிவான பிறகுதான், எப்படியும் வாங்கப்போகிறோம், மெய்ப்புப் பார்க்கும் முறையையே மாற்ற முடியுமா என்ற எண்ணம் வந்தது.

அந்த முறையைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். பக்க வடிவமைப்பாளர் பி.டி.எஃப். கோப்பை அனுப்புவார். அதைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, திருத்திய பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவேன். அல்லது கட்டாகக் கட்டி மின்ரயிலில் எடுத்துச் செல்வேன். முந்நூறு பக்க நூலுக்கு இரண்டு மெய்ப்பு என்றால் அறுநூறு தாள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் நடப்பதால் நவம்பரிலும் டிசம்பரிலும் ஒரே நேரத்தில் நான்கைந்து நூல்கள் கையில் இருக்கும், மழைக்காலமும் அதுதான். நனைந்த மெய்ப்புக் கட்டை மின்விசிறிக்கு அடியில் தாள் தாளாகப் பரப்பி உலர்த்திய இரவுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

பி.டி.எஃப். கோப்பிலேயே குறிப்புகளைத் தட்டச்சு செய்து அனுப்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சில ஆண்டுகள் அதையும் செய்து பார்த்தேன். தமிழ் நூல்களில் இன்றும் கணிசமானவை ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய எழுத்துருக்களில்தான் கோக்கப்படுகின்றன. அத்தகைய கோப்பில் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ரோமன் எழுத்துகள்தான் வந்து விழும். ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் "பதினான்காம் வரி, மூன்றாம் சொல், ஒற்று மிகாது" என்று ஒரு வாக்கியத்தையே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். தாளில் அதே திருத்தத்துக்கு ஒரு கோடும் ஓரத்தில் ஒரு சுழியும் போதும். ஒரு பக்கத்தில் இருபது திருத்தம் என்றால் இந்த வேறுபாடு அரை மணி நேரமாகிவிடுகிறது. எனக்குத் தேவைப்பட்டது திரையில் ஓடும் சிவப்புப் பேனா. மற்றபடி, தொடுதிரை என்பதற்காக மட்டும் நான் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்க மாட்டேன்.

இந்தக் கருத்தைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். விசைப்பலகையோடு நிமிர்ந்து நிற்கும் திரையை விரலால் தொட்டு வேலை செய்வது கைக்கு நோவு தரும். 2010 அக்டோபரில் மேக் கணினிகளைப் பற்றிப் பேசியபோது ஸ்டீவ் ஜாப்ஸ், தொடு பரப்பு செங்குத்தாக இருக்கக் கூடாது, சிறிது நேரத்தில் கை சோர்ந்துவிடும் என்ற காரணத்தையே சொன்னார். இரண்டு ஆண்டுகள் கழித்து, விண்டோஸ் 8 வெளியான 2012இல், லெனோவோ தன் முதல் யோகா கணினியில் திரையை 360 பாகை திரும்பும் கீலில் பொருத்தி, அதே சிக்கலுக்கு வேறொரு விடையைக் கொடுத்தது: திரை நிற்க வேண்டியதில்லை, படுத்துக்கொள்ளலாம். அதற்குப் பத்தாண்டு முன்பே, விண்டோஸ் எக்ஸ்பியின் டேப்லட் பதிப்பு வந்த 2002இல், நடுவில் ஒற்றைக் கீல் வைத்துத் திரையைச் சுழற்றி மூடும் கணினிகள் வந்திருந்தன. அவை கனமாகவும் விலை மிகுந்தும் இருந்ததால் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆகவே மடங்கும் கணினி வாங்க நினைப்பவர், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் விசைப்பலகையை மடக்கிவைத்து வேலை செய்யப்போகிறோம் என்று முதலில் கணக்கிட வேண்டும். என் கணக்கில் அது நான்கு மணி நேரம். அரை மணி நேரம்தான் என்றால், அதே விலைக்கு இன்னும் வேகமான சாதாரண மடிக்கணினி கிடைக்கும். அதை வாங்குவதே நல்லது.

அடுத்து அளவு. கடைகளில் திரையை மூலைவிட்ட அங்குலத்தில் மட்டுமே சொல்கிறார்கள். எனக்கு வேண்டியதோ, ஒரு டெமி அளவு நூலின் பக்கம் திரையில் எவ்வளவு பெரிதாக நிற்கும் என்பது. தமிழ் நூல்களில் பெரும்பகுதி டெமி 1/8 அளவில் வருகின்றன. வெட்டியபின் ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். 11.6 அங்குலத் திரை 16:9 விகிதத்தில் இருந்தால், நெடுக்காகத் திருப்பும்போது அகலம் 14.4 செ.மீ. மட்டுமே, பக்கம் அச்சு அளவிலேயே அடங்கிவிடும், ஆனால் ஓரத்தில் எழுதக் கூடுதலாக இடம் இராது. 13.3 அங்குலத் திரை 16:10 விகிதத்தில் இருந்தால் அகலம் ஏறக்குறைய 18 செ.மீ.; அதே பக்கம் கால் பங்குக்கும் சற்று மேலாகப் பெரிதாகத் தெரியும். 14 அங்குலத்தில் 18.8 செ.மீ. வரும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. என்பதால், ஏ4 ஆய்வேடுகளைத் திருத்துபவர்களுக்கு இவற்றில் எதுவும் முழு அளவு தராது. நூல் திருத்துபவர்களுக்கு 13.3 போதும்.

இந்தக் கணக்கோடு நுணுக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விலை குறைந்த 11.6 அங்குலக் கணினிகளில் பெரும்பாலும் 1366 × 768 பிக்சல் திரைதான் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு 135 பிக்சல். 11 புள்ளி அளவில் கோத்த எழுத்து, அச்சு அளவிலேயே அந்தத் திரையில் தெரியும்போது, எழுத்தின் முழு உயரத்துக்கும் இருபது பிக்சல்தான் கிடைக்கும். அதில் மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் புள்ளிக்கு இரண்டோ மூன்றோ மிஞ்சும். ஆங்கிலம் படிப்பவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. தமிழ் மெய்ப்பில் பாதி வேலை அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. ஒற்று மிகுந்ததா, விடுபட்டதா, "பார்க" என்று வந்திருக்கிறதா "பார்க்க" என்று வந்திருக்கிறதா, துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ரகரம் விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்த இரண்டு மூன்று பிக்சலைப் பொறுத்தவை. 13.3 அங்குலத்தில் 1920 × 1200 என்றால் அங்குலத்துக்கு 170 பிக்சல். பக்கமும் பெரிதாவதால் அதே எழுத்துக்கு முப்பத்து மூன்று பிக்சல் வரை கிடைக்கிறது. இரண்டு கணினிகளையும் அருகருகே வைத்து ஒரே பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, என் கண்ணுக்கு வேறுபாடு உடனே தெரிந்தது. அந்த நிமிடமே 11.6 அங்குலக் கணினியை விட்டுவிட்டேன். அதன் விலை பாதிக்கும் குறைவு என்ற போதிலும் எனக்கு வருத்தமில்லை.

சிறிய கணினியில் விசைப்பலகையும் சிறுத்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் அது எங்கே சிறுக்கிறது என்பதைத் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அந்த அமைப்பில், எல் விசைக்கு அடுத்த அரைப்புள்ளி விசையில் நகரமும், அதற்கடுத்த மேற்கோள் விசையில் யகரமும், பி (P) விசைக்கு அடுத்த இரண்டு அடைப்புக்குறி விசைகளில் சகரமும் ஞகரமும், சாய்கோட்டு விசையில் ழகரமும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுத்துகளைவிடக் குறைவாகப் பயன்படும் விசைகள் அவை. ஆகவே இடம் போதாதபோது உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் வலது ஓரத்தையே குறுக்குகிறார்கள். ஒரு சிறிய கணினியில் "செய்யவில்லை" என்று பத்து முறை தட்டச்சு செய்து பார்த்தேன்; நான்கு முறை யகரத்துக்குப் பதில் நுழைவு விசையில் விரல் பட்டு வரி உடைந்தது. தமிழ்99 இப்போது விண்டோஸிலேயே இருப்பதால், கடையில் உள்ள கணினியில் மொழியைச் சேர்த்துக்கொண்டு ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து பார்க்கலாம். அனுமதி கேட்டால் பெரும்பாலான கடைகளில் மறுப்பதில்லை. ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி அடிக்கும் அஞ்சல் முதலிய ஒலியியல் முறைகளில் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை.

பேனாவைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். நான் ஏமாந்ததும் அதில்தான். தொடுதிரை உள்ள எல்லாக் கணினியும் பேனாவை ஏற்கும் என்று நானும் நினைத்திருந்தேன். ரப்பர் முனை வைத்த இருநூறு ரூபாய்ப் பேனா எதில் வேண்டுமானாலும் எழுதும். ஆனால் அது விரலைப் போலத்தான் எழுதும், உள்ளங்கை திரையில் பட்டாலும் கோடு விழும். மெய்ப்புக்கு வேண்டியது, பேனாவே தனக்கென ஒரு சமிக்ஞையை அனுப்ப, திரை அதை விரலிலிருந்து வேறுபடுத்தி அறியும் வகை. அந்தச் சமிக்ஞைக்கும் மொழிகள் உண்டு. விண்டோஸ் கணினிகளில் மைக்ரோசாஃப்டின் முறையும் வாகோம் நிறுவனத்தின் ஏ.இ.எஸ். முறையும் பரவலாக உள்ளன, கூகுளின் குரோம் ஓ.எஸ். இயங்கும் குரோம்புக்குகளில் யு.எஸ்.ஐ. என்ற வேறொரு முறை இருக்கிறது. ஒரு முறைப் பேனா வேறு முறைத் திரையில் எழுதாது. இரண்டு முறைகளையும் பேசும் பேனாக்கள் சில உள்ளன, ஆனால் கடைக்காரர் சொல்வதை வைத்து அதை முடிவு செய்யக் கூடாது. கணினியின் விவரக்குறிப்பில் எந்த முறை என்று எழுதியிருக்கிறது என்பதை உற்பத்தியாளரின் ஆவணத்திலேயே படித்துக்கொள்ள வேண்டும்.

நான் அதைச் செய்யவில்லை. பெட்டியில் பேனா இல்லை என்று தெரிந்ததும், கணினி வாங்கிய இடத்திலேயே பேனா கேட்டேன். விற்பனைப் பிரிவில் இருந்த இளைஞர், "எல்லாத்துக்கும் செட் ஆகும் மேடம்" என்று உறுதியாகச் சொல்லி, மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து திரையில் வைத்தால் ஒரு கோடுகூட விழவில்லை. மறுநாள் திரும்பப் போனேன். உறை பிரித்த பொருளைத் திரும்பப் பெற முடியாது என்றார்கள். சரியாக எழுதும் பேனாவை வேறிடத்தில் நாலாயிரத்து இருநூறு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அந்தப் பணம் எனக்குச் சிறிய தொகை அல்ல. ஒரு சிறு நூலின் மெய்ப்புக்கூலி. விற்பவருக்குத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்வதே வாங்குபவருக்குச் செய்யும் பெரிய உதவி என்பதை அன்று மிகவும் மனவருத்தத்தோடு நினைத்துக்கொண்டேன். நீங்கள் வாங்கும்போது, கணினியையும் பேனாவையும் கடையிலேயே ஒன்றாக எழுத வைத்துப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

எழுத வைத்துப் பார்ப்பது என்றால் எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் செயலியைத் திறந்து, ஓர் அளவுகோலைத் திரையில் மெதுவாகச் சாய்த்து வைத்து, அதையொட்டி மிகவும் மெதுவாகச் சாய்கோடுகள் சில வரைய வேண்டும். வேகமாக வரைந்தால் எல்லாப் பேனாவும் நேராகத்தான் வரையும். மெதுவாக வரையும்போது சில திரைகளில் கோடு நெளிந்து, அலையலையாக வரும். படம் வரைபவர்களுக்கு இது பெருங்குறை. மெய்ப்பில் அவ்வளவு இல்லை என்றாலும், ஓரத்தில் சிறிய எழுத்தில் "ழ" என்றோ "ணை" என்றோ எழுதும்போது சுழிகள் உடைந்து, பக்க வடிவமைப்பாளர் வேறு எழுத்தாகப் படிக்க இடமுண்டு. பிறகு உள்ளங்கையை முழுவதுமாகத் திரையில் ஊன்றி, தாளில் எழுதுவதுபோலவே நான்கு வரி எழுதிப் பார்க்க வேண்டும். 4096 அழுத்த நிலைகள் என்று உறையில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். நம் வேலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சில பேனாக்களுக்கு நான்கு ஏ (AAAA) அளவுள்ள மிக மெல்லிய பேட்டரி வேண்டும். அது பக்கத்துக் கடையில் கிடைப்பதில்லை. யு.எஸ்.பி. வழியே மின்னேற்றிக்கொள்ளும் பேனாவே வசதி.

உள்ளுறுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மெல்லிய கணினிகளில் நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பும் என்பதால், அந்த அளவோடு நிற்கும் கணினிகளும் விற்பனையில் இருக்கின்றன. அவற்றில் சேமிப்பு பெரும்பாலும் இ.எம்.எம்.சி. வகை, எஸ்.எஸ்.டி.யைவிட வேகம் குறைந்தது, மாற்றவும் இயலாதது. அன்றாடம் ஐந்தாறு ஆண்டு பயன்படுத்த நினைப்பவர் 8 ஜிபி நினைவகத்துக்கும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கும் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. நான் 16 ஜிபியும் 512 ஜிபியும் எடுத்தேன். செயலியைப் பொறுத்தவரை, இன்டெல் என்100 போன்ற சிக்கனச் செயலியே மெய்ப்புக்கும் உலாவிக்கும் போதும். ஆனால் நான் விரும்பிய திரை அந்த வகைக் கணினிகளில் இல்லாததால், செயலிக்காக அல்லாமல் திரைக்காகவே மேல்வகைக்குப் போக வேண்டியிருந்தது.

விசைப்பலகையைத் தனியே கழற்றும் வகையையும் பார்த்தேன். திரையில்தான் கணினி முழுவதும் இருக்கிறது, முதுகில் ஒரு காலை நீட்டி நிறுத்த வேண்டும். மேசையில் அழகாக நிற்கிறது. தரையில் சம்மணமிட்டு மடியில் வைத்தால் அந்தக் கால் தொடையில் அழுந்துகிறது. நான் மேசையில் வேலை செய்பவள் அல்லள். குரோம்புக்குகள் விலை குறைவு, 2021 முதல் வந்த வகைகளுக்குப் பத்தாண்டுப் புதுப்பிப்பும் உண்டு. ஆனால் பதிப்பகங்கள் தரும் பழைய எழுத்துருக்களையும் கோப்புகளையும் திறக்க எனக்கு விண்டோஸ் வேண்டியிருந்தது.

ரிச்சி தெருவுக்கு இரண்டு முறை போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் சிறிது தூரம்தான். அலுவலகங்கள் மூன்றாண்டு, நான்காண்டு பயன்படுத்திக் கழித்த கணினிகளைப் புதுப்பித்து விற்கும் கடைகள் அங்கே நிறைய உள்ளன. திங்க்பேட் யோகா, எலைட்புக் எக்ஸ்360, லாட்டிட்யூட் போன்ற வலுவான மடங்கும் கணினிகள் புதிய விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் விண்டோஸ் 11 ஏற்கும். இந்த வழியை நான் தாழ்வாக நினைக்கவில்லை. என்னோடு வந்த தோழி ஒருவர் அங்கேதான் வாங்கினார், நன்றாக இருக்கிறது. வாங்குபவர் கீலை மெதுவாக முழுச் சுற்றும் சுற்றிப் பார்த்து, எந்த இடத்திலாவது திரை தளர்ந்து தானாக விழுகிறதா, கீலின் அருகே மேல்மூடியில் விரிசல் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில் முதலில் இருந்த கொள்ளளவையும் இப்போது முழுமையாக ஏற்றினால் கிடைக்கும் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான் பார்த்த ஒன்றில் அது பாதியாகக் குறைந்திருந்தது. நான் விரும்பிய 16:10 திரை புதுப்பித்த கணினிகளில் அன்று கிடைக்காததால்தான் புதியதை வாங்கினேன்.

வாங்கியது 13.3 அங்குலம், 1.3 கிலோ, 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட எழுபத்தொன்பதாயிரம் ரூபாய். ஓராண்டு உத்தரவாதத்தோடு, தவறி விழுந்தால் சரிசெய்து தரும் பாதுகாப்பையும் தனியே எடுத்துக்கொண்டேன். வழக்கமாக இத்தகைய கூடுதல் திட்டங்களை நான் தவிர்ப்பவள். ஆனால் மடங்கும் கணினிகளில் மேல்கண்ணாடி, தொடுபடலம், திரை மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால் கண்ணாடி மட்டும் உடைந்தாலும் முழுத் திரையையும் மாற்ற வேண்டியிருக்கும். அதன் விலையைக் கேட்ட பிறகு தயங்கவில்லை.

பயன்பாட்டுக்கு வருகிறேன். 1.3 கிலோ என்பது பையில் சுமக்க இலகுவானது, ஒரு கையில் ஏந்திப் படிக்கக் கனமானது. முதல் வாரம் ஏந்திப் பார்த்து மணிக்கட்டு வலித்தது. பிறகு பூசையறையில் ஏடு வைத்துப் படிக்கும் சாய்வுப் பலகையை எடுத்து மடியில் வைத்து, அதன்மேல் கணினியைச் சார்த்தினேன். இன்றும் அப்படியேதான் வேலை செய்கிறேன். முழுவதுமாக மடக்கும்போது விசைப்பலகை வெளிப்புறமாகத் திரும்பிப் பலகைமேல் படுகிறது. விசைகள் தாமாகச் செயலிழந்துவிடுவதால் தவறாக எதுவும் தட்டச்சு ஆவதில்லை, ஆனால் தேய்மானத்தை நினைத்து ஒரு பருத்தித் துணியை விரித்துக்கொள்கிறேன். காற்றுத் துளைகளோ, மடக்கியபின் அடிப்பாகத்துக்கும் திரையின் முதுகுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கின்றன. ரப்பர்க் கால்கள் தரும் சிறு இடைவெளி வழியாகத்தான் காற்று போக வேண்டும். இணைய உலாவியில் பல தாவல்களைத் திறந்துவைத்தால் விசிறி இரைகிறது. மெய்ப்புக் கோப்பை மட்டும் திறந்திருந்தால் சத்தமே இல்லை. நெடுக்காக நிறுத்தும்போது கணினியின் ஒரு பக்கவாட்டு விளிம்பு அடியில் வருகிறது. மின்னேற்றும் துளை அந்த விளிம்பில் இருந்தால் கம்பி செருகிய நிலையில் நிறுத்த முடியாது. என் கணினியில் இரண்டு துளைகளும் ஒரே பக்கத்தில் இருப்பதால், எந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும் என்பதற்கு ஒரு வாரம் பழக வேண்டியிருந்தது. இதைக் கடையில் பார்க்கத் தோன்றவில்லை.

பளபளப்பான கண்ணாடியில் மின்விளக்கின் நிழல் நேராக விழுந்து கண்ணை உறுத்தியது. எதிரொளிப்பைக் குறைக்கும் மங்கல் படலம் ஒன்றை ஒட்டினேன். எழுதும்போது தாளில் எழுதுவதுபோன்ற மெல்லிய உராய்வு கிடைத்தது. வெண்மையான பக்கத்தில் இலேசான மினுமினுப்பும் சேர்ந்தது. படிக்கும் தெளிவு சிறிது குறைந்ததை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஆறு மணி நேரம் பார்க்கும் கண்ணுக்கு இதுவே இதமாக இருக்கிறது. உராய்வினால் பேனாவின் முனை விரைவாகத் தேய்கிறது. மூன்று மாதத்தில் ஒரு முனையை மாற்றிவிட்டேன்.

திருத்துவதற்கு எட்ஜ் உலாவியில் உள்ள வரையும் வசதியில்தான் தொடங்கினேன். சிறிய கோப்புகளுக்கு அது போதும். நானூறு பக்கக் கோப்புகளுக்கு இப்போது எக்ஸ்ஜர்னல்++ என்ற திறந்த மூலச் செயலியைப் பயன்படுத்துகிறேன். திருத்தங்களைப் பக்கத்தின்மேல் தனி அடுக்காக வைத்துக்கொண்டு, முடிந்ததும் பி.டி.எஃப். ஆக ஏற்றுமதி செய்யலாம். முதல் மெய்ப்புக்குச் சிவப்பு, இரண்டாம் மெய்ப்புக்கு நீலம், ஆசிரியரிடம் கேட்க வேண்டியவற்றுக்குப் பச்சை என்று மூன்று நிறங்களை வைத்திருக்கிறேன். பேனா எழுதிக்கொண்டிருக்கும்போது விரல் தொடுதலைப் புறக்கணிக்கும் தெரிவை விண்டோஸின் பேனா அமைப்புகளில் இயக்கிய பிறகு, பக்கம் தானாக நழுவுவதும் நின்றது. என் கையெழுத்தை எழுத்துகளாக மாற்ற நான் முயலவில்லை. பார்த்துத் திருத்தப்போகிறவர் ஒரு மனிதர். அவருக்குப் படிக்க முடிந்தால் போதும்.

மின்னேற்றி யு.எஸ்.பி.-சி வகை என்பதால் கைப்பேசிக்கும் அதுவே ஆகிறது. பையில் இருந்த இரண்டு கம்பிகள் ஒன்றாகிவிட்டன. முழுவதும் ஏற்றிய பேட்டரி, திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து மெய்ப்பு மட்டும் பார்த்தால், ஏழு மணி நேரம் வருகிறது. பெட்டியில் எழுதியிருந்ததைவிடக் குறைவுதான், ஆனால் என் ஒரு நாள் வேலைக்குச் சரியாக இருக்கிறது. தாம்பரத்திலிருந்து கோடம்பாக்கம் போய்ச்சேரும் நேரத்தில், உட்கார இடம் கிடைத்தால், பதினைந்து பக்கம் பார்த்துவிடுகிறேன். பழைய கணினியை ரயிலில் நான் ஒருமுறைகூட வெளியே எடுத்ததில்லை.

இன்னும் தாளை முழுவதும் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கவிதை நூல்களுக்கும், அட்டைக்கும், தலைப்புப் பக்கங்களுக்கும் இறுதி மெய்ப்பைத் தாளில்தான் பார்க்கிறேன். வரிகளுக்கு இடையிலான வெளி திரையில் எனக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. மற்ற நூல்களுக்கு டிசம்பர் முழுவதும் ஜெராக்ஸ் கடைக்குப் போகவில்லை. கடைக்கார அண்ணன், ஊரில் இல்லையா என்று தெருவில் பார்த்துக் கேட்டார்.

புதிய முறையில் நான் முதலில் அனுப்பிய நூல் 312 பக்க நாவல். அனுப்பிய அன்று மாலையே பக்க வடிவமைப்பாளர் அழைத்தார். "அக்கா, கையெழுத்து இவ்வளவு தெளிவா இருக்கே, ஸ்கேன் பண்ணீங்களா?" என்றார். திரையிலேயே எழுதியது என்றேன். சிறிது நேரம் கோப்பைப் புரட்டும் ஒலி கேட்டது. பிறகு, "187ஆம் பக்கத்துல, கடைசி வரியில, புள்ளி வைக்கணுமா எடுக்கணுமா?" என்று கேட்டார். கணினியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எடுக்க வேண்டிய புள்ளி. நீக்கற்குறியின் சுழியை நான்தான் சரியாக மூடாமல் விட்டிருந்தேன்.